கண்ணாடிக்குள் கடல்: வாங்குபவரின் பொறுப்பு எதுவரை?



மீன் வளர்ப்பது எமது வீடுகளுக்குப் புதியதன்று. ஊரில் கண்ணாடிப் போத்தலில் கப்பி மீன் வளர்த்துப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. ஆனால் அண்மைக் காலமாகச் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எமது குடும்பங்கள் சிலவற்றின் வரவேற்பறைகளில் வேறொரு வகைத் தொட்டியைக் காண்கிறோம். நீல வெளிச்சம், உப்புத் தண்ணீர், உள்ளே உயிருள்ள பவளங்கள், அவற்றினிடையே செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்கள். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று உழைக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். அந்தப் படத்தின் கதையோ, குவீன்ஸ்லாந்துக் கடலில் பிடிபட்டுச் சிட்னியில் ஒரு பல் வைத்தியரின் தொட்டிக்கு வந்து சேர்ந்த மீன்குஞ்சு வீடு திரும்புவது பற்றியது. அதைப் பார்த்துவிட்டு எமக்கும் அப்படியொரு மீன் வேண்டும் என்று கேட்பது மனித இயல்பு போலும்.

கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும் வேளைகளில் இந்தக் கேள்வி எழுவதுண்டு: கடல் உயிர்களைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அடைத்து வைப்பது தகுமா? இதற்கு இரண்டு விரைவான பதில்கள் கிடைக்கும். "பாவம், வேண்டாம்" என்பது ஒன்று. "சட்டப்படி கடையில் வாங்குகிறோம், இதிலென்ன குற்றம்?" என்பது மற்றையது. இரண்டுமே கேள்வியைச் சந்திக்காமல் கடந்து போகும் வழிகள் என்று எமக்குப் படுகிறது. கணக்கியல் தொழிலில் இருப்பவர்கள் என்ற வகையில், ஒரு கொள்வனவை அதன் முழுக் கணக்கோடும் பார்ப்பதே எமது பழக்கம். அவ்வாறு பார்க்க இங்கு முயல்கிறோம்.

முதலில் பொருட்கள்

பவளப்பாறை என்று தமிழகத்திலும் முருகைக்கற்பாறை என்று இலங்கையிலும் சொல்லப்படுவது வெறும் கல்லன்று. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துக் கட்டிய வீடு அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது, பவளம் அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் இந்த உறவு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப் போகிறது. 2,300 கிலோமீற்றர் நீளமான கிரேட் பரியர் ரீஃப் பவளத்தொடரில் 1998, 2002 ஆகிய ஆண்டுகளிலும், 2016 முதல் இன்னும் பல தடவைகளும் பெருமளவில் நடந்தது இதுதான்.

இத்தகைய உயிரை வீட்டில் வைத்திருக்க வேண்டுமானால் கடலின் வேலையை இயந்திரங்கள் செய்ய வேண்டும். வெயிலுக்குப் பதிலாக எல்.ஈ.டி விளக்கு. அலைக்குப் பதிலாகப் பம்ப். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்க ஸ்கிம்மர். குளிருக்கு ஹீற்றர், மெல்பேர்ணின் 40 பாகை வெயில் நாட்களுக்குச் சில்லர். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் மருந்தை நீக்க ஒரு வடிகட்டி. உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 25 பாகை அளவில் நிற்க வேண்டும்.

இவை யாவும் உயிரற்ற பொருட்கள்தானே, இவற்றில் என்ன தர்மக் கேள்வி என்று நினைக்கலாம். கேள்வி உண்டு. விக்ரோறியா மாநில மின்சாரத்தில் இன்னும் பெரும் பங்கு லற்றோப் பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரியிலிருந்தே வருகிறது. நிலக்கரிப் புகை கடலைச் சூடாக்குகிறது. வீட்டுக்குள் நான்கு பவளங்களைக் குளிராக வைத்திருக்க எரிக்கும் மின்சாரம், வெளியிலுள்ள பவளங்களைச் சுடும் நெருப்பில் ஒரு சுள்ளியாகிறது. சிறு சுள்ளிதான், ஆனாலும் கணக்கில் வர வேண்டியது. கூரையில் சூரிய மின்தகடு வைத்திருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல.

ஆகவே உபகரணங்களைப் பற்றி இரண்டு விடயங்களைச் சொல்லலாம். ஒன்று, பாவித்த பொருளை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடங்கி ஓரிரு ஆண்டுகளில் அலுத்துப் போய்த் தொட்டியும் மேசையும் ஸ்கிம்மரும் விற்பவர்கள் எல்லா நகர்ப்புறங்களிலும் இருக்கிறார்கள். மற்றது, வரிசை முறை. நீரும் கல்லும் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நஞ்சற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் அக்காலத்தில்தான் பெருகுகின்றன. அதற்கு முன் மீனை விடுவது, கூரை போடாத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போன்றது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவோர் உண்டு. அந்த அவசரத்தின் விலையைச் செலுத்துவது மீன்.

விலைக்குள் அடங்கிய மரணங்கள்

இனி உயிர்களுக்கு வருவோம். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் மீன்களிலோ நிலைமை நேர்மாறானது. விற்கப்படும் இனங்களில் மிகப் பெரும்பாலானவை இன்னமும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அவுஸ்திரேலியக் கடைகளில் இருப்பவற்றில் ஒரு பகுதி குவீன்ஸ்லாந்திலும் பிற கரைகளிலும் உரிமம் பெற்ற சுழியோடிகள் கையாலும் சிறு வலையாலும் எடுத்தவை. குவீன்ஸ்லாந்தில் பவளம் எடுப்பதற்கு உரிமங்களின் எண்ணிக்கைக்கும் எடுக்கும் நிறைக்கும் எல்லை உண்டு. கல் பவளங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், எல்லை தாண்டி விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும். மற்றொரு பகுதி மீன்கள் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. 1999ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள பட்டியலில் இல்லாத மீனை இந்நாட்டுக்குள் கொண்டுவர முடியாது.

சட்டம் இவ்வளவு இருந்தும் கேள்வி தீரவில்லை. பிலிப்பைன்ஸ் கடலில் 1960களில் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. சயனைட் நஞ்சைக் கரைத்துப் பவளப் பொந்துக்குள் பீச்சி, மயங்கி வெளியே வரும் மீனை அள்ளுவது. தடைசெய்யப்பட்ட பின்னரும் அது முற்றாக ஒழியவில்லை. நஞ்சு பட்ட பவளம் அழிகிறது. மயங்கிய மீன் கடைத்தொட்டியில் பார்வைக்கு நன்றாக இருந்து, பின்னர் காரணம் தெரியாமல் இறந்து போகலாம்.

இங்கே கிரயக் கணக்கியலில் உள்ள ஒரு விதியைச் சொல்ல வேண்டும். 100 மாம்பழங்களை 100 டொலருக்கு வாங்கி, வழக்கம்போல் 10 பழுதாகிவிட்டால், மிகுதி 90 பழங்களின் அடக்கவிலை 100 டொலர்தான். இதற்குச் சாதாரண நட்டம் என்று பெயர். எதிர்பார்க்கப்பட்ட இழப்பைத் தப்பிய சரக்கு சுமக்கிறது. மீன் வணிகமும் அவ்வாறே. வழியில் இறப்பவை, கடையில் இறப்பவை எல்லாம் ஏற்கெனவே விலைக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது நாம் ஒரு மீனை வாங்கும்போது, உயிரோடு வந்து சேராத மீன்களுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். "நான் வாங்கியது ஒரேயொரு மீன்" என்ற கூற்று பற்றுச்சீட்டில் உண்மை, அடக்கவிலையில் உண்மையன்று.

இப்படிச் சொல்வதால் மாம்பழமும் மீனும் ஒன்றென்று ஆகாது. கணக்கேட்டில் இரண்டும் 'இருப்பு' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன என்பதுதான் சிக்கலே. பழுதான பழத்துக்கு வலி இல்லை. வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் கொல்பவனோடு நிறுத்திக்கொள்ளாமல் வாங்குபவனையும் சேர்த்தே வைத்துப் பார்த்தார். உணவுக்குச் சொல்லப்பட்ட அந்த நியாயம் அலங்காரத்துக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும். பசிக்கு ஒரு நியாயம் உண்டு. வரவேற்பறை அழகுக்கு அவ்வளவு நியாயம் இல்லை.

இரக்கத்தால் வாங்குவது

நல்ல மனம் படைத்தவர்களைத் தடுமாற வைக்கும் நிலை ஒன்று உண்டு. கடையின் மூலையில், நெரிசலான தொட்டியில், சோர்ந்துபோன மீன் ஒன்று கிடக்கிறது. "இதை நாங்கள் கொண்டுபோய்க் காப்பாற்றுவோம்" என்று பிள்ளை அழுகிறது. வாங்கலாமா?

மனம் வாங்கு என்கிறது. ஆனால் கடைக்காரரின் பேரேட்டில் விற்பனைக்கு ஒரு நிரல் உண்டு, வாங்கியவரின் நோக்கத்துக்கு நிரல் இல்லை. இரக்கத்தால் விற்ற மீனும் ஆசையால் விற்ற மீனும் அங்கே ஒரே எண்தான். அந்த இனம் விற்பனையாகிறது என்ற செய்தி மட்டும் மொத்த வியாபாரிக்குப் போகிறது. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. ஓர் உயிரை மீட்டதாக நினைத்து இன்னோர் உயிருக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறோம்.

அப்படியானால் கண்முன் தவிக்கும் உயிரைப் பாராமல் போவதா? அதுவும் கல்நெஞ்சம் ஆகும். இரக்கத்துக்குச் சரியான முகவரி காசுப் பெட்டி அன்று என்பதே எமது கருத்து. நியூ சவுத் வேல்ஸின் 1979ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல் மீனையும் உள்ளடக்கும். விக்ரோறியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் மீனை விலக்கவில்லை. கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லலாம். திருந்தாவிட்டால் விலங்குநலச் சங்கத்துக்கு அறிவிக்கலாம். இந்நாட்டில் முறைப்பாடு செய்வதற்கு எமது சனங்கள் தயங்குவதை அறிவோம். புதிதாக வந்தவர்கள் தலையைக் குனிந்து போவதே பாதுகாப்பு என்று பழகியிருக்கிறோம். ஆனால் தன்னால் பேச முடியாத ஒன்றுக்காகப் பேசுவதில் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் விடலாம்.

மறுபக்க நியாயம்

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் எவரும் வாங்கவே கூடாது" என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கடலின் அந்தப் பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இலங்கையிலும் வண்ண மீன் பிடித்து அடுப்பெரிக்கும் சுழியோடிக் குடும்பங்கள் பல. அவர்களின் பவளப்பாறை உயிரோடு இருந்தால்தான் நாளைக்கும் மீன் கிடைக்கும். அவர்களுக்கு வேறு தொழில் இல்லாதபோது பாறைக்கு நேர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை உடைத்துச் சுண்ணாம்புச் சூளையில் இட்டார்கள். மன்னார் வளைகுடாவில், 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு நீருள் மூழ்கிப்போனதற்கு, சுற்றியிருந்த பவளத்தை அகழ்ந்தது முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்திய அரசு 2001இல் கல் பவளங்களுக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டப் பாதுகாப்பைக் கொடுத்தது. கவனமாக, கைவலையால், அளவோடு பிடிக்கும் சுழியோடி சூளைக்காரரைவிடப் பாறைக்கு நல்ல அயலவர். அவரிடம் நாம் வாங்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

நாகபட்டினத்து அதிபத்த நாயனாரை இங்கே நினைவுகூரலாம். அவர் மீன்பிடித் தொழிலை விட்டுத் துறவியானவர் அல்லர். வலையில் அகப்படும் மீன்களில் சிறந்த ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டார். நாளுக்கு ஒரு மீன் மட்டுமே அகப்பட்டு வீடு பட்டினி கிடந்த நாட்களிலும், பொன்மீன் வந்த அன்றும் அப்படியே விட்டார். அகப்பட்டதெல்லாம் தனக்கே உரியது என்று எண்ணாததே அவரது பெருமை. எடுப்பதா விடுப்பதா என்ற கேள்வியைவிட, எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டா என்ற கேள்வியே பயனுள்ளது என்று அவர் வரலாறு எமக்குச் சொல்கிறது.

"எப்படியும்" என்ற சொல்

சிட்னிவாசிகளுக்கென்றே ஒரு தனிக் கேள்வி உண்டு. ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு அருகிலுள்ள கடற்கரையில் புளிச்சாதப் பொதி அவிழ்க்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கிழக்கு அவுஸ்திரேலிய நீரோட்டம் வடக்கேயுள்ள வெப்பக் கடலிலிருந்து மீன்குஞ்சுகளை ஒவ்வொரு கோடையிலும் தெற்கே அள்ளிக்கொண்டு வருகிறது. பட்டாம்பூச்சி மீன் போன்றவை சிட்னிக் கரையோரப் பாறைகளில் வந்து வளரத் தொடங்கும். குளிர்காலம் வந்ததும் பெரும்பாலானவை இறந்துவிடும். ஆகவே சிலர் சொல்கிறார்கள்: "எப்படியும் சாகப்போகிற மீன்தானே, பிடித்துச் சூடான தொட்டியில் விட்டால் புண்ணியம் அல்லவா?"

கடையில் வாங்குவதைவிட இது மேலானது என்று தோன்றலாம். எந்த வணிகச் சங்கிலியும் இல்லை, விமானப் பயணம் இல்லை. சட்டம் இடம் கொடுக்கும் இடத்தில், கொடுக்கும் முறையில் பிடிப்பதென்றால் இந்த நியாயத்தில் வலு உண்டு. மான்லியில் 2002இல் அமைந்த கபேஜ் ட்ரீ விரிகுடா ஒதுக்ககம் போன்ற இடங்களில் எதையும் எடுக்கவே கூடாது. ஆனால் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கடல் சூடேறி வருவதால் அவற்றுள் சில இப்போது குளிர்காலத்தையும் தாண்டி உயிர் பிழைக்கின்றன. பழைய இருப்பிடம் வாழ முடியாததாகும் காலத்தில் புதிய இடம் தேடும் முன்னோடிகள் அவை. எவை பிழைக்கும் எவை பிழைக்கா என்று கரையில் நிற்கும் எம்மால் சொல்ல முடியாது.

மற்றது அந்தச் சொல்லைப் பற்றியது. "எப்படியும் சாகப்போகிறவர்கள்", "எப்படியும் திரும்பிப் போகவேண்டியவர்கள்" என்ற பேச்சுக்களை எம்மில் பலர் தம்மைப் பற்றியே கேட்டிருக்கிறோம். 1983இன் பின் வந்தவர்களும் கேட்டார்கள், 2009இன் பின் வந்தவர்களும் கேட்டார்கள். நீரோட்டத்தில் அள்ளுண்டு வந்த ஒன்றின் வருங்காலத்தைக் கரையில் நிற்பவர் முடிவு கட்டிவிடும்போது, அவர் செய்ய விரும்பிய எதுவும் நியாயமாகிவிடுகிறது. மீனையும் மனிதரையும் ஒன்றாக்கவில்லை. அந்தச் சொல் எங்கே வந்தாலும் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்கிறோம்.

எதை வாங்கக் கூடாது

கடையில் விற்கப்படுகிறது என்பதால் வீட்டில் வளர்க்கத்தக்கது என்று பொருளல்ல. துப்புரவு மீன் என்று ஒரு சிறு மீன் உண்டு. பாறைக்கு வரும் பெரிய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று வாழும். தொட்டியில் பெரும்பாலும் மெலிந்து சாகும். கிரேட் பரியர் ரீஃபிலுள்ள லிசார்ட் தீவில் சில சிறு பாறைகளிலிருந்து இம்மீன்களை 8 ஆண்டுகளுக்கு மேலாக அகற்றிவைத்து ஆராய்ந்தபோது, அப்பாறைகளில் மற்ற மீன்களின் தொகையும் பருமனும் குறைந்திருந்தது தெரியவந்தது. ஊரிலிருந்த ஒரே வைத்தியரும் புறப்பட்டுப் போனால் அந்த ஊர் என்னாகும் என்பதை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நீலச் சேர்ஜன் மீன் கடையில் விரலளவு இருக்கும். முழுதாக வளர்ந்தால் ஓர் அடி வரும். மச்சாவதாரக் கதையில் சிறு மீன் ஒன்று அடைக்கலம் கேட்டு அரசனின் கையில் வருகிறது. கமண்டலத்தில் விட்டான், போதவில்லை. சாடியில், குளத்தில், ஏரியில் விட்டான், போதவில்லை. கடைசியில் கடலுக்கே கொண்டு போனான். "என்னிடம் உள்ள பாத்திரம் இவ்வளவுதான்" என்று அவன் எந்தக் கட்டத்திலும் சொல்லவில்லை. அடைக்கலம் கொடுத்தவனுக்கு அந்த உயிரின் அளவே அளவு. எமக்குக் கடலுக்குக் கொண்டுபோகும் வழி கிடையாது. ஆகவே அது வளர்ந்து முடியும்போது இருக்கப்போகும் அளவை வாங்கும் அன்றே நினைக்க வேண்டும்.

கொண்டுபோய்க் கடலில் விடுவது நிச்சயமாகப் புண்ணியம் அன்று. தொட்டிக்கு அழகாக இருந்த கோலேர்ப்பா என்னும் பாசி 1984இல் மொனாக்கோக் கரையில் காணப்பட்டு மத்தியதரைக் கடலெங்கும் பரவியது. 2000ஆம் ஆண்டில் சிட்னிக்கு அண்மையிலும் கண்டுபிடிக்கப்பட்டது. கல்லைக் கழுவிய நீரைக்கூட மழைநீர்க் கானில் ஊற்றாமல் இருப்பது நல்லது.

அயலில் வாங்குவது

நல்ல செய்தியும் உண்டு. கோமாளி மீன்கள் இப்போது பரவலாகத் தொட்டிகளிலேயே பிறக்கின்றன. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளுக்கே உரிய கார்டினல் மீன், வணிகத்துக்காக அள்ளப்பட்டு 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தந்தை மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் அந்த இனமும் தொட்டியில் குஞ்சு பொரிக்கும். 2015இல் ஹவாயில் மஞ்சள் சேர்ஜன் மீனையும் வளர்த்தெடுத்தார்கள். பவளமோ இன்னும் இலகு. முருங்கைக் கிளையை வெட்டி நடுவது போல, ஒரு துண்டை உடைத்துக் கல்லில் ஒட்டினால் பல இனங்கள் வளரும். அயல் வீட்டுத் தொட்டியில் பத்து ஆண்டுகளாக வளர்ந்த பவளத்தின் துண்டு கடலிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அதன் குணம் தெரிந்தவர் கையிலிருந்து வருகிறது, பிழைத்தால் நாம் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கறிவேப்பிலைக் கன்றைக் கைமாற்றிக் கொடுத்தே இந்நாடெங்கும் பரப்பிய சமூகத்துக்கு இது பழக்கமான வழிதான்.

ஆகவே எமது முடிவு இது. கடலுயிர் வளர்ப்பது தன்னளவில் பாவம் என்று நாம் சொல்லவில்லை. கவனமாகப் பார்க்கும் பிள்ளை கடலை நேசிக்கக் கற்கும் என்பதும் மெய்யே. ஆனால் கடையில் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எங்கே பிறந்தது, எப்படிப் பிடிபட்டது? வளர்ந்து முடிந்தபின் இதற்கு இடம் உண்டா? நன்கு பராமரித்தால் கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்னும் இதற்கு உப்பும் நீரும் அளந்து ஊற்ற வீட்டில் ஆள் உண்டா? கடைக்காரர் முதற் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் வாங்காமல் வரலாம். மற்ற இரண்டுக்கும் நாமே பதில் சொல்ல முடியாவிட்டால் தொட்டியே வேண்டாம். பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பாறைக் குழியில் தேங்கிய நீரை ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லலாம்.

விலை கொடுத்ததும் கடைக்காரரின் கணக்கு முடிந்துவிடும். வாங்கியவரின் கணக்கு அன்றுதான் திறக்கப்படுகிறது. அடைக்கலம் பெற்று வாழும் நாம், ஒன்றை அழைத்து வந்து இருத்துவது என்றால் எவ்வளவு என்பதை ஓரளவு அறிந்தவர்கள். அந்த அறிவை இந்தச் சிறிய விடயத்திலும் பாவிக்கலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதினால் மகிழ்வோம். பெருகிவிட்ட பவளத் துண்டுகளைக் கொடுக்க விரும்புவோரும் எழுதலாம்.